ஓப்பன்ஆபீஸ் கைமாறிய விதம்: மென்பொருள் கொடையில் உரிமத்தின் வேலை

"பள்ளி நூலகங்களுக்காகப் பல வருடங்களுக்கு முன் விஷுவல் பேசிக்கில் ஒரு மென்பொருள் எழுதினேன். இனி என்னால் பராமரிக்க முடியாது. கட்டற்ற மென்பொருள் சமூகத்துக்குக் கொடுத்துவிட நினைக்கிறேன். மூல நிரலை கிட்ஹப்பில் ஏற்றிவிட்டால் போதுமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

போதாது. கிட்ஹப் என்பது நிரல்களை இணையத்தில் வைத்துப் பகிரும் தளம், அங்கே ஏற்றிய நிரலை எவரும் படிக்கலாம். ஆனால் அதைத் திருத்தித் தன் மென்பொருளில் சேர்த்து வெளியிட யாருக்கும் அனுமதி இல்லை. 1957ஆம் ஆண்டு இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலையும் இலக்கியப் படைப்புகளோடு சேர்த்தே எண்ணுகிறது. எழுதிய கணமே உரிமை எழுதியவருக்கு வந்துவிடும், பதிவு செய்யத் தேவையில்லை. அவர் காலமான பிறகும் 60 ஆண்டுகள் அந்த உரிமை நிற்கும். உரிமம், அதாவது நிரலை யார் என்ன செய்யலாம் என்ற எழுத்து அனுமதி, இணைக்காமல் விட்ட நல்ல நிரல் அடுத்த நூற்றாண்டு வரைகூட யாருக்கும் பயன்படாமல் கிடக்கலாம்.

உரிம வகைகள் பலருக்கும் தெரிந்தவைதான், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். எம்ஐடி, அப்பாச்சி 2.0 போன்றவை தாராளமானவை: பெயரையும் அறிவிப்பையும் வைத்துக்கொண்டால் போதும், நிரலை மூடிய (மூல நிரலை வெளியிடாத) மென்பொருளில்கூடச் சேர்க்கலாம். ஜிபிஎல் குடும்பம் வேறு. திருத்தி வெளியே கொடுக்கிறாயா, திருத்திய மூல நிரலையும் இதே உரிமத்தில் கொடு என்கிறது. அந்தக் குடும்பத்தில் எல்ஜிபிஎல் சற்று இளகியது, மூடிய மென்பொருள் தன் மூல நிரலைத் திறக்காமலே அந்த நிரலோடு இணைந்து ஓட விடுகிறது. எம்பிஎல் 2.0 இரண்டுக்கும் நடுவில், கோப்பு அளவில் மட்டும், அதாவது திருத்திய கோப்புகளுக்கு மட்டும், அந்த நிபந்தனையை வைக்கிறது.

இவற்றை வரிசையாகப் படித்தால் சட்டப் புத்தகம் போலத்தான் இருக்கும். இரண்டு உரிமங்கள் ஒரே மென்பொருளில் சந்திக்கும்போது நடப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். அதைப் பார்க்க, கடிதம், கணக்கு அட்டவணை போன்ற அலுவலக வேலைகளுக்கான ஓப்பன்ஆபீஸ் மென்பொருளை விடச் சிறந்த உதாரணம் இல்லை.

ஜெர்மனியின் ஸ்டார்டிவிஷன் நிறுவனம் உருவாக்கிய ஸ்டார்ஆபீஸை 1999-ல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் வாங்கியது. 2000 அக்டோபர் 13 அன்று அதன் மூல நிரலை ஓப்பன்ஆபீஸ்.ஆர்க் என்ற பெயரில் வெளியிட்டது. வெளியிடுமுன் அடாபஸ் தரவுத்தளம், எழுத்துப்பிழை திருத்தி போன்ற பிற நிறுவனப் பாகங்களைக் கழற்ற வேண்டியிருந்தது. தனக்குச் சொந்தமில்லாததை சன் எப்படிக் கொடுக்கும்? அந்த வெற்றிடத்தைத் தன்னார்வலர்கள் நிரப்பினார்கள். ஹங்கேரிய மொழியின் நீளமான சொல்லொட்டுகளுக்காகப் பிறந்த ஹன்ஸ்பெல் என்ற பிழைதிருத்தி பின்னர் அங்கே வந்து அமர்ந்தது. இன்று பயர்பாக்ஸிலும், ஓப்பன்ஆபீஸிலிருந்து பிரிந்த லிப்ரேஆபீஸிலும் தமிழ்ச் சொற்களின் பிழை பார்ப்பதற்கும் அதே மென்பொருள்தான் ஓடுகிறது.

சன் இன்னொன்றும் செய்தது. நிரல் அனுப்பிய ஒவ்வொரு பங்களிப்பாளரிடமும் பதிப்புரிமையைத் தன்னோடு பகிர்ந்துகொள்ளும் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கியது. 2010-ல் சன்னை ஆரக்கிள் வாங்கியதும் அந்த உரிமை மொத்தமும் ஆரக்கிளிடம் போனது. கவலைப்பட்ட தன்னார்வலர்கள் அதே ஆண்டு செப்டம்பர் 28 அன்று டாக்குமெண்ட் பவுண்டேஷனைத் தொடங்கி அதே நிரலிலிருந்து லிப்ரேஆபீஸைத் தனிக் கிளையாகப் பிரித்தார்கள். நிரல் எல்ஜிபிஎல் உரிமத்தில் இருந்ததால் அதை எடுத்துப் போக எவர் அனுமதியும் தேவைப்படவில்லை. பெயரை எடுத்துப் போக முடியவில்லை, அது வணிகக்குறி, அதற்குச் சட்டமே வேறு. அதனால்தான் புதுப்பெயர். 2011 ஜூனில் ஆரக்கிள் ஓப்பன்ஆபீஸை, அப்பாச்சி உரிமத்தை எழுதிய அப்பாச்சி மென்பொருள் அறக்கட்டளைக்குக் கொடுப்பதாக அறிவித்தது. எல்ஜிபிஎல்லில் இருந்த நிரல் அப்பாச்சி 2.0-க்கு மாறியது. உரிமை ஒரே இடத்தில் குவிந்திருந்ததால் ஒரே ஒரு நிறுவனத்தின் கையெழுத்தில் இது முடிந்தது.

இப்போது ஒரே தாயின் இரண்டு பிள்ளைகள்: அப்பாச்சி உரிமத்தில் ஓப்பன்ஆபீஸ், எல்ஜிபிஎல்லில் (பின்னர் எம்பிஎல்லிலும்) லிப்ரேஆபீஸ். முன்னதில் ஒருவர் ஒரு பிழையைச் சரிசெய்தால் லிப்ரேஆபீஸ் அதைத் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். அப்பாச்சி கேட்பது அறிவிப்பைக் காப்பாற்று என்பது போன்ற சிறு நிபந்தனைகள், எல்ஜிபிஎல் 3 அவற்றை மறுப்பதில்லை. எதிர்த்திசையில் முடியாது. லிப்ரேஆபீஸ் திருத்தத்தை எடுத்தால் "இதே உரிமத்தில் கொடு" என்ற நிபந்தனையும் கூடவே வரும். தன் நிரலை மூடிய மென்பொருளிலும் சேர்க்கலாம் என்று அப்பாச்சி பயனர்களுக்குக் கொடுத்திருக்கும் வாக்கு அங்கே உடையும். கிணற்று மோட்டாரின் புட்வால்வு மாதிரி தண்ணீர் ஒரு பக்கம்தான் போகும். யாரும் காவலுக்கு நிற்கவில்லை, உரிம வாசகமே இந்தத் திசையைத் தீர்மானித்துவிட்டது! எத்தனை முறை யோசித்தாலும் எனக்கு வியப்புக் குறைவதில்லை.

இந்த வரலாற்றைக் கண்ணாலேயே பார்க்கலாம். லிப்ரேஆபீஸின் பழைய சி++ கோப்பு ஒன்றைத் திறந்து பாருங்கள். முதல் குறிப்பு, இது எம்பிஎல் 2.0-க்கு உட்பட்டது என்கிறது. அதற்குக் கீழே இன்னொன்று: இந்தக் கோப்பில் அப்பாச்சி அறக்கட்டளைக்கு உரிமம் அளிக்கப்பட்ட படைப்பும் அடங்கியிருக்கிறது என்று. ஒரு காலத்தில் அதே இடத்தில் "பதிப்புரிமை அறிவிப்பை மாற்றாதே, நீக்காதே" என்று சன்னும் ஆரக்கிளும் பெரிய எழுத்தில் எழுதிவைத்திருந்தன. ஆரக்கிளின் கொடைக்குப் பிறகு 2012-ல் லிப்ரேஆபீஸ் தன் அடித்தளத்தை அப்பாச்சி நிரலின் மேல் மாற்றி அமைத்துக்கொண்டது. அதன் பலனாகத்தான் எல்ஜிபிஎல்லோடு எம்பிஎல்லையும் சேர்த்து வழங்க முடிந்தது. நிரல் அடைவுகளின் (கோப்புறைகளின்) பெயர்கள் இன்னும் பழையவை: எஸ்டபிள்யூ என்றால் ஸ்டார்ரைட்டர், எஸ்சி என்றால் ஸ்டார்கால்க். நிரலுக்குள் ஜெர்மன் மொழியில் கிடந்த குறிப்புகளைத் தன்னார்வலர்கள் பல ஆண்டுகள் உட்கார்ந்து ஆங்கிலத்துக்கு மாற்றினார்கள்.

வாசகரின் மென்பொருளுக்கு வருவோம். முதலில் அது யாருடையது என்று பார்க்க வேண்டும். வேலையின் பகுதியாக எழுதியிருந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை முதல் உரிமையாளர் நிறுவனம்தான், அவர்களின் எழுத்துபூர்வ சம்மதம் வேண்டும். அடுத்து, காசு கொடுத்து வாங்கிய கிரிட் கன்ட்ரோல், ரிப்போர்ட் கருவி, எழுத்துரு, ஐகான் எல்லாவற்றையும் பட்டியலிடுங்கள். சன் கழற்றியதைப் போல நீங்களும் கழற்ற வேண்டும். பள்ளிகளின் உண்மையான உறுப்பினர் பட்டியல் சோதனைத் தரவாக உள்ளே இருந்தால் அதையும். பிறகு உரிமத்தின் முழு வாசகத்தையும் தனிக் கோப்பாக வையுங்கள், ஒவ்வொரு மூலக் கோப்பின் தலையிலும் ஒரு வரி சேருங்கள். உங்கள் பதிப்புரிமையை யாருக்கும் எழுதிக்கொடுக்க வேண்டியதில்லை. அப்பாச்சிகூட உரிமத்தைத்தான் கேட்கிறது.

இங்கே ஒரு ஆதங்கத்தையும் சொல்ல வேண்டும். அரசு நிதியில் எழுதப்படும் தமிழ்க் கருவிகள் பல "இலவசம்" என்ற அறிவிப்போடு வருகின்றன, மூல நிரலும் உரிமமும் வருவதில்லை. திட்டக் காலம் முடிந்ததும் அடுத்த விண்டோஸ் பதிப்பில் அவை ஓடுவதில்லை, சரிசெய்ய எவருக்கும் வழியும் இல்லை. வரிப்பணத்தில் எழுதிய நிரலுக்கு உரிமம் இணைப்பதை நிதி ஒதுக்கும் ஆணையிலேயே நிபந்தனையாக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

எந்த உரிமம் என்பதைத் தொடக்கத்திலேயே யோசித்து முடிவெடுங்கள், பின்னால் மாற்றுவது பெரும்பாடு. விஎல்சி பிளேயர் பாரிஸ் மாணவர்களின் திட்டமாகப் பிறந்து, 2001-ல் அவர்கள் கல்லூரியின் சம்மதத்தோடு ஜிபிஎல்லுக்கு வந்தது. பங்களிப்பாளர்கள் தத்தம் உரிமையைத் தாங்களே வைத்திருந்தார்கள். பத்தாண்டு கழித்து அதன் பெரும்பகுதியை எல்ஜிபிஎல்லுக்கு மாற்ற விரும்பியபோது, 200-க்கும் மேற்பட்டவர்களைத் தேடிப்பிடித்து ஒவ்வொருவரிடமும் சம்மதம் கேட்க வேண்டியிருந்தது. லிப்ரேஆபீஸிலும் உரிமை சிதறித்தான் இருக்கிறது. அதனால் புதிதாக வரும் ஒவ்வொருவரும் தன் பழைய, இனிவரும் பங்களிப்புகள் எல்லாம் எம்பிஎல் 2.0, எல்ஜிபிஎல் 3 இரண்டிலும் அடங்கும் என்று ஒரு வரி மின்னஞ்சலைத் தொடக்கத்திலேயே அனுப்பிவிடுகிறார்.