காசு குறைந்த கால்பந்து கிளப் ஆள் எடுப்பது எப்படி?

பெங்களூரில் சீசன் தொடங்கும் முன் சின்ன கிளப் கமிட்டி கூடினால் முதலில் எழும் கேள்வி ஒன்றுதான்: "போன வருஷம் நிறைய கோல் அடிச்ச பையன் யாரு, எவ்ளோ கேக்கறான்?" அந்தப் பையனைத்தான் ஊரில் உள்ள எல்லாக் கிளப்பும் பார்த்து வைத்திருக்கும். ஏலத்தில் தோற்றால் வெறுங்கை. ஜெயித்தால் மற்ற மூன்று இடங்களுக்குப் பணம் இருக்காது.

இந்த ஊரில் திறமைக்குப் பஞ்சமே இல்லை. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்ஸுக்கு எதிராக இந்தியாவின் ஒரே கோலை அடித்த சாரங்கபாணி ராமன் பெங்களூர்க்காரர். கௌதமபுரத்தில் அம்பேத்கர், அன்னை தெரசா சிலைகளோடு பெலேவுக்கும் சிலை இருக்கிறது. ஆஸ்டின் டவுன், மர்பி டவுன் தெருக்களில் இன்றும் பையன்கள் வந்துகொண்டேதான் இருக்கிறார்கள். குறை இருப்பது அவர்களைத் தேர்ந்தெடுக்கும் முறையிலும், எடுத்த பிறகு கையாளும் முறையிலும்.

பெரிய கிளப்புகள் குறைத்து மதிப்பிடும் ஆளை முன்கூட்டியே கண்டுபிடிப்பதுதான் சின்ன கிளப்பின் வழி. இங்கிலாந்தின் பிரென்ட்ஃபோர்டு 2017ல் ஆலி வாட்கின்ஸைக் கீழ் டிவிஷனில் இருந்த எக்ஸிடரிலிருந்து சுமார் 18 லட்சம் பவுண்டுக்கு எடுத்தது. 2020ல் ஆஸ்டன் வில்லாவுக்கு விற்றபோது விலை சுமார் 2.8 கோடி பவுண்டு. அடுத்த ஆண்டே பிரென்ட்ஃபோர்டு அந்நாட்டின் முதல் நிலை லீகான பிரீமியர் லீகுக்கு ஏறியது. நம் நாட்டில் மிசோரமின் ஐசால் எஃப்.சி.யைப் பாருங்கள். 2015-16ல் கீழே இறக்கப்பட்டு, கோவா கிளப்புகள் விலகியதால் திரும்பச் சேர்க்கப்பட்ட அணி அது. 2016-17ல், அப்போது நாட்டின் முதல் நிலை லீகாக இருந்த ஐ-லீக்கின் கோப்பையையே வென்றது. பயிற்சியாளர் காலித் ஜமீல் முன்பு மும்பை எஃப்.சி.யில் இருந்தவர்; அங்கே ஆடிய ஜெயேஷ் ரானே, ஆஷுதோஷ் மேத்தா இருவரும் ஐசால் அணியில் இருந்தார்கள். எடுக்கும் ஆளை ஏற்கெனவே அறிந்திருப்பதற்குக் காசே செலவில்லை, ஆனால் அது பெரிய சொத்து. 2018-19ல் கோயம்புத்தூரில் ஆடி ஐ-லீக்கை வென்ற சென்னை சிட்டி, ஸ்பெயினின் கீழ் டிவிஷன்களில் ஆடியவர்களைக் கொண்டுவந்தது. அவர்களில் பெட்ரோ மான்ஸி அந்த சீசனில் 21 கோல் அடித்தார்.

ஆளைத் தேடுமுன் வேலையை எழுதுங்கள். ஒவ்வொரு இடத்துக்கும் அரைப் பக்கம் போதும். உங்கள் அணி பின்னால் நின்று, பந்து கிடைத்ததும் வேகமாக எதிர்த்தாக்கும் (கவுண்டர்) அணி என்றால், ரைட் பேக் (வலப்பக்கத் தடுப்பாளர்) மேலே ஏறி கோலுக்கு முன்னால் பந்தைத் தூக்கிப் போடுவதைவிடத் தன் பக்கம் வரும் எதிரணி விங்கரை (ஓரத்தில் ஓடும் தாக்குபவரை) உள்ளே வரவிடாமல் தடுப்பது முக்கியம். இதை எழுதாமல் போனால், நல்ல பையன் என்ற ஒரே காரணத்துக்காக ஒரே மாதிரி மூன்று பேரை எடுத்துவிட்டு, லெஃப்ட் பேக் இல்லாமல் சீசனைத் தொடங்குவீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் ஆடவிட்டு ஆள் எடுக்கும் ட்ரையல்ஸ் என்ற பழக்கத்தில் எங்களுக்கு நம்பிக்கை இல்லை. எண்பது பேர் வருவார்கள், ஒருவருக்கு இருபது நிமிடம் கிடைக்கும், பந்தைப் பிடித்து மூன்று பேரைத் தாண்டுபவன் கண்ணில் படுவான். சென்டர் பேக்குக்கு (நடுத் தடுப்பாளருக்கு) பந்து இரண்டு முறைதான் வரும். அவனை எதை வைத்து எடைபோடுவது? அதனால் மேட்சில் பாருங்கள், குறைந்தது மூன்று மேட்ச்: அணி முன்னிலையில் இருக்கும்போது ஒன்று, பின்தங்கி இருக்கும்போது ஒன்று, மோசமான மைதானத்தில் ஒன்று. அசோக் நகர் ஸ்டேடியத்தின் செயற்கைப் புல்லில் அழகாக ஆடுபவன் மண் தரையில் முதல் டச்சிலேயே பந்தை விட்டுவிடலாம். சென்டர் பேக்கைப் பார்க்கும்போது பந்தை மறந்துவிட்டு அவன் தலையை மட்டும் பத்து நிமிடம் கவனியுங்கள். பந்து அவனிடம் வருமுன் தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்க்கிறானா? பார்த்தவனுக்குப் பந்து வந்ததும் அடுத்த பாஸ் எங்கே என்று தெரியும். பார்க்காதவன் கண்ணை மூடிக்கொண்டு தூக்கி அடிப்பான். பார்வையாளர் படியில் நடுக்கோட்டுக்கு நேராக, முடிந்த அளவு உயரத்தில் ஒரு செல்போனை ட்ரைபாடில் வைத்துவிட்டால், பயிற்சியாளர் இதையே மறுபடி பார்த்துக்கொள்ளலாம்.

ஸ்ட்ரைக்கரின் (கோல் அடிக்கும் முன்வரிசை ஆட்டக்காரரின்) கோல் எண்ணிக்கையை அப்படியே நம்பாதீர்கள். முதலில் பெனால்டிகளைக் கழியுங்கள். பெனால்டியில் நான்கில் மூன்று யார் அடித்தாலும் கோலாகும். மற்ற ஷாட்களில் பொதுவாகப் பத்துக்கு ஒன்றுதான் கோலாகும். பன்னிரண்டு மேட்சில் இருபது ஷாட் அடித்து எட்டு கோல் போட்டவனுக்கு அந்த சீசன் அதிர்ஷ்டம் கூடி வந்திருக்கிறது. அதே பன்னிரண்டில் நாற்பது ஷாட், அதிலும் பெரும்பாலும் கோலுக்கு முன்னால் உள்ள பெனால்டி பெட்டிக்குள்ளிருந்து அடித்து, நான்கே கோல் போட்டவனின் விலை குறைவாக இருக்கும். நாங்கள் அவனைத்தான் எடுக்கச் சொல்வோம்.

விலை குறைவாகக் கிடைக்கும் இன்னொரு கூட்டமும் உண்டு. வயதுப் பிரிவுக் கணக்கு ஜனவரியில் தொடங்குவதால், நவம்பர், டிசம்பரில் பிறந்த பையன்கள் பதினான்கு வயதில் சின்னதாகத் தெரிவார்கள். அகாடமிகள் அவர்களைக் கழித்துவிடும். பதினெட்டில் உடம்பு சமமாகிவிடும், ஆனால் அதற்குள் யாரும் அவர்களைப் பார்ப்பதில்லை. பெங்களூருக்கே உரிய ஒரு கேள்வியையும் கேளுங்கள்: வீடு எங்கே, வேலை எங்கே? வைட்ஃபீல்டில் ஷிஃப்ட் முடித்துவிட்டு மாலைப் பயிற்சிக்கு ஆஸ்டின் டவுனுக்கு வரவேண்டியவன், வாரத்தில் நான்கு நாளில் இரண்டு நாள் டிராஃபிக்கில் நிற்பான். திறமை சற்றுக் குறைந்தாலும் நான்கு நாளும் வருபவனே அணியின் அமைப்புக்குப் பொருந்துவான்.

கார்னர், ஃப்ரீ கிக் பயிற்சிக்கு வாரம் இரண்டு முறை இருபது நிமிடம் ஒதுக்குங்கள். நூறு கார்னரில் மூன்று, நான்குதான் கோலாகிறது. பந்தைப் போடுபவர் ஒருவரே என்று நிலையாக வைத்து, ஓட வேண்டிய இடங்களையும் எழுதி வைத்தால் அதைக் கூட்ட முடியும். இதற்குப் பணமே தேவையில்லை.

காயத்தைத் தடுப்பதும் அப்படித்தான். ஃபிஃபா 11+ என்ற வார்ம் அப் மொத்தம் 20 நிமிடம்: எட்டு நிமிடம் ஓட்டம், பத்து நிமிடம் வலு, சமநிலை, தாவல் பயிற்சிகள், கடைசி இரண்டு நிமிடம் வேக ஓட்டம். வாரம் இரண்டு முறையாவது ஒழுங்காகச் செய்யும் அணிகளில் காயம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. இதில் முட்டி போட்டு, பின்னால் ஒருவர் கணுக்காலைப் பிடிக்க, உடம்பை மெல்ல முன்னால் சாய்க்கும் தொடைப் பயிற்சி ஒன்று உண்டு. புதியவர்களுக்கு 3 முதல் 5 தடவை போதும். முதல் நாளே பன்னிரண்டு செய்ய வைத்தால் மறுநாள் தொடை பிடித்துக்கொள்ளும். அதன் பிறகு யாரும் அதைச் செய்ய மாட்டார்கள். 

சின்ன கிளப்புகள் அதிகம் இழப்பது காகிதத்தில். பையனைப் பன்னிரண்டு வயதிலிருந்து வளர்த்துவிட்டு, அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்தின் ஆன்லைன் பதிவில் அவன் பெயரை ஏற்றாமல் விட்டால், அவன் நாளை எங்கே போனாலும் உங்களுக்கு ஒரு ரூபாய் வராது. ஒப்பந்தம் முடியுமுன் ஒருவர் வெளிநாட்டு கிளப்புக்கு விலைக்கு மாறும்போது, அந்த விலையில் 5 சதவீதம் அவரை வளர்த்த கிளப்புகளுக்குப் போக வேண்டும் என்பது ஃபிஃபா விதி. 12 முதல் 15 வயது வரை ஆண்டுக்கு 0.25 சதவீதம், 16 முதல் 23 வரை ஆண்டுக்கு 0.5 சதவீதம். 14 முதல் 17 வரை உங்களிடம் இருந்தவன் 1 கோடி ரூபாய்க்குப் போனால் உங்கள் பங்கு 1.5 சதவீதம், அதாவது ஒன்றரை லட்சம். ஒரு சின்ன கிளப்புக்கு அது பந்து, ஜெர்சி, பயணச் செலவு எல்லாம் சேர்ந்த தொகை. முதல்முறை தொழில்முறை வீரராகப் பதிவாகும்போது, வளர்த்த கிளப்புக்கு வரும் பயிற்சி இழப்பீடு இதற்குத் தனி. உள்நாட்டு மாற்றத்துக்குச் சம்மேளனத்தின் விதிகள் வேறு. அவற்றைத் தனியாகப் படித்துக்கொள்ளுங்கள். பதிவு எண், பிறப்புச் சான்றிதழ், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை ஆடினான் என்ற விவரம், இந்த மூன்றும் ஒரே கோப்பில், கமிட்டியில் ஒருவர் பொறுப்பில் இருக்கட்டும். செயலாளர் மாறும்போது கோப்பும் கைமாறியதா என்று பாருங்கள்.

விற்கும்போது, வாங்கும் கிளப் அவனைப் பின்னால் வேறு கிளப்புக்கு விற்றால் அதில் பங்கு கேளுங்கள். 20 சதவீதம் என்று மட்டும் எழுதினால் பின்னால் சண்டை வரும்: மொத்த விலையிலா, லாபத்திலா? 5 லட்சத்துக்கு நீங்கள் விற்றவன் 25 லட்சத்துக்குப் போனால் முதல் கணக்கில் 5 லட்சம், இரண்டாவதில் 4 லட்சம். கிளப்புக்குப் பணம் போடும் ஏரியாப் பெரியவர் யாராவது "பையன் வித்தா பாதி எனக்கு" என்று கேட்டால் அதற்கு மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள். வெளியாள் ஒருவர், வீரர் கிளப் மாறும்போது வரும் தொகையில் பங்கு வைத்திருப்பதை ஃபிஃபா 2015 மே மாதத்திலிருந்து தடை செய்துவிட்டது. மீறினால் தண்டனை கிளப்புக்கு வரும். அவர் தரும் பணத்தை நன்கொடையாகவோ விளம்பரப் பணமாகவோ ரசீது போட்டு வாங்குங்கள்.