பிக்கப் ரெக்சின் மூடியைச் சுருட்டித் திறக்கும்படி மாற்றுவது எப்படி?

பிக்கப் வண்டியின் பின் தொட்டியை மூடும், டிச் பட்டன் வைத்த ரெக்சின் மூடியில் பெரிய தொல்லை, கேபினை ஒட்டிக் கிடக்கும் ஒரு பெட்டியை எடுக்கக்கூட வரிசையாகப் பட்டன்களைக் கழற்ற வேண்டியிருப்பதுதான். அவசரத்தில் துணியைப் பிடித்து இழுப்பார்கள். பட்டன் அப்படியே இருக்கும், சுற்றியுள்ள ரெக்சின்தான் கிழிந்து வரும். நடுவில் வெட்டி ஜிப் வைத்துவிடலாமா என்று பலரும் கேட்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். மூடியை விறைப்பாக வைத்திருக்கும் பரப்பே அதுதான். மழைநீர் தேங்குவதும் அங்கேதான். பின்பக்கமிருந்து கேபின் நோக்கிச் சுருட்டும்படி மாற்றுங்கள்.

பக்கங்களில் பட்டனுக்குப் பதிலாக 50 மி.மீ. அகல வெல்க்ரோ வரும். ஆனால் வெல்க்ரோவை மட்டும் நம்பக் கூடாது. கிடைமட்டமாக இழுத்தால் அது நன்றாகத் தாங்கும். ஓரத்தைத் தூக்கி உரித்தால் சட்டென்று விட்டுவிடும். ஓடும் வண்டியில் காற்று செய்வது அந்த உரிக்கிற வேலையைத்தான். ஆகவே நீளவாக்கு இழுப்பை முன்னால் ஒரு பட்டையும் பின்னால் ஒரு குழாயும் தாங்க வேண்டும்.

முன் ஓரத்தின் மேல் 20 மி.மீ. அலுமினியப் பட்டை வைத்து, அடியிலுள்ள சேனலோடு (தொட்டியின் விளிம்பில் மூடியை மாட்டும் சட்டம்) 150 மி.மீ.க்கு ஒரு ஸ்க்ரூ முடுக்குங்கள். வண்டியின் பாடியில் துளை போடாதீர்கள். பெயின்ட் போன இடத்தில் துரு தொடங்கும்.

பின் ஓரத்துக்கு 25 மி.மீ. சதுர அலுமினியக் குழாய் போதும். அதன் சுற்றளவு 100 மி.மீ., உள்ளே நுழைய 10 மி.மீ. தளர்வு, தையலுக்கு இரு பக்கமும் 20. ஆக 150 மி.மீ. அகலத் துண்டு ஒன்றைத் தனியாக வெட்டி, மடித்து, பின் ஓரத்தின் அடியில் தைத்தால் குழாய்க்கான உறை தயார். மூடியின் ஓரத்தையே மடித்தால் நீளம் பற்றாது. இரு முனையிலும் 40 மி.மீ. குழாய் வெளியே தெரியட்டும். இழுப்பைக் கூட்டிக் குறைக்கக்கூடிய கொக்கித் தாழ்கள் அங்கேதான் மாட்டும்.

வெல்க்ரோவில் மென்மையான பக்கம் மூடியில், முள் பக்கம் சேனலில். மாற்றித் தைத்தால் ஒவ்வொரு முறை சுருட்டும்போதும் முள் ரெக்சினின் மேற்பரப்பைச் சுரண்டும். சேனலில் பழைய பட்டன் குமிழ்களை எடுத்துச் சமப்படுத்தி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்த பிறகே ஒட்டுங்கள். சிலிக்கான் பாலிஷ் பட்ட இடத்தில் பசை நிற்காது. ஒட்டியபின் 24 மணி நேரம் மூடியை மாட்ட வேண்டாம். மூடியில் இருப்பதைக் கட்டாயம் தைக்க வேண்டும். பாலியெஸ்டர் நூல், 4 மி.மீ. தையல். நைலான் நூல் வெயிலில் நைந்துவிடும். தையல் நெருங்கினால் துளைகள் வரிசையாகச் சேர்ந்து, அந்தக் கோட்டிலேயே ரெக்சின் கிழியும்.

அளவெடுப்பதில்தான் அதிகம் கெட்டுப்போகிறது. வெயிலில் ரெக்சின் நீளும், குளிரில் சுருங்கும். நல்ல வெயிலில் இறுக்கமாகப் பொருத்தினால் குளிர்ந்த காலையில் தாழ் எட்டாது. 20 டிகிரியை ஒட்டிய வெப்பநிலையில் அளவெடுத்து, தாழை அதன் பாதி இழுப்பில் வைத்துப் பொருத்துங்கள்.

மூடியைத் தாங்கும் குறுக்குக் கம்பிகள் நுழைய மூடியின் அடிப்பக்கத்தில் பை தைத்தால் அவையும் சேர்ந்து சுருளும். சுருளைக் கட்ட முன் ஓரத்தில் 25 மி.மீ. நாடா இரண்டு, பக்கிளோடு. சுருளின் விட்டம் 150 மி.மீ. வந்தால் சுற்றளவே ஏறக்குறைய 470. நாடா 60 செ.மீ.க்குக் குறையக் கூடாது.

சுருட்டிய நிலையில் ஓட்டுவதானால் இரண்டு பக்கிளும் பூட்டியிருக்க வேண்டும். பின் கண்ணாடியும் கேபின் மேலுள்ள பிரேக் விளக்கும் மறையக் கூடாது. பாதி சுருட்டித் தாழ் போடாமல் ஓட்டவே ஓட்டாதீர்கள். அவிழ்ந்து பறக்கும் அலுமினியக் குழாய் பின்னால் வரும் இருசக்கர வண்டிக்காரரின் முகத்துக்கு நேராகத்தான் போகும்.