ஒலி சுடும், காந்தம் பார்க்கும்

குப்புறப் படுத்திருக்கும் பெண்ணின் கையில் ஒரு பொத்தானைக் கொடுக்கிறார்கள். வயிற்றில் சுட்டாலோ, காலுக்குள் சுரீரென்று ஏதாவது ஓடினாலோ உடனே அழுத்தச் சொல்கிறார்கள். அழுத்தினால் இயந்திரம் அந்த நொடியே நின்றுவிடும். அவருக்கு முழு மயக்கம் கொடுப்பதில்லை. வலி தெரியாமலிருக்கவும் பதற்றம் தணியவும் கொஞ்சம் மருந்து, அவ்வளவுதான். மயங்கிக் கிடப்பவரால் பொத்தானை அழுத்த முடியாதே!

அடிவயிறு ஒரு ஜெல் மெத்தையின் மேல் படிந்திருக்கிறது. அதற்குக் கீழே, மேசைக்குள்ளேயே, ஒரு தண்ணீர்த் தொட்டி. தொட்டிக்குள் கிண்ணம்போலக் குழிந்த ஒரு கருவி. அதிலிருந்து கிளம்பும் அல்ட்ராசவுண்ட் தோலையும் கொழுப்பையும் தசையையும் தாண்டிப்போய், கர்ப்பப்பையில் வளர்ந்திருக்கும் கட்டிக்குள் ஒரு நிலக்கடலைப் பருப்பு அளவு இடத்தை வேகவைக்கிறது. மேசை முழுவதும் எம்.ஆர்.ஐ. குழலுக்குள் இருக்கிறது.

கட்டி என்றால் இங்கே ஃபைப்ராய்டு, அதாவது நார்க்கட்டி. கர்ப்பப்பைச் சுவரின் தசையில் ஒரே ஒரு செல் கட்டுமீறிப் பெருகி, தசையும் நாருமாக உருண்டு திரண்டது. புற்றுநோய் அல்ல. ஐம்பது வயதுக்குள் பெரும்பாலான பெண்களுக்கு இது ஒன்றாவது வந்திருக்கும்; பலருக்கு வந்ததே தெரியாது. தொல்லை எவ்வளவு என்பதைக் கட்டியின் அளவைவிட அது உட்கார்ந்திருக்கும் இடம்தான் பெரும்பாலும் முடிவு செய்கிறது. உள்வரிச் சவ்வை ஒட்டி இருந்தால் சின்னக் கட்டிகூட மாதாமாதம் உதிரத்தைக் கொட்டவைத்து ரத்தச்சோகையில் தள்ளிவிடும். முன்பக்கம் வளர்ந்தால் சிறுநீர்ப்பையை அழுத்தும், பின்பக்கம் வளர்ந்தால் மலக்குடலை. பெண் ஹார்மோன்களான ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோனும் இதற்குத் தீனி என்பதால், மாதவிலக்கு நின்ற பிறகு பொதுவாகச் சுருங்கிவிடும்.

அதுவரை பொறுக்க முடியாதவர்களுக்கு நெடுங்காலமாகச் சொல்லப்பட்ட தீர்வு, கர்ப்பப்பையையே எடுத்துவிடுவது. "குழந்தைதான் பெற்றாயிற்றே, இனி அது எதற்கு?" என்ற ஒற்றை வாக்கியத்தில் முடிந்துபோன விவாதங்கள் ஏராளம். கட்டியை மட்டும் அறுத்தெடுப்பது, கட்டிக்குப் போகும் ரத்தக்குழாயை அடைப்பது என்று வேறு வழிகளும் உண்டு. அவை எல்லாவற்றிலும் உடம்புக்குள் ஏதாவது ஒன்று நுழைந்தாக வேண்டும். இந்த முறையில் நுழைவது ஒலி மட்டும்.

ஒலியால் சுடலாம் என்பது புதுச்செய்தியே அல்ல. 1942லேயே அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஜான் லின் குழுவினர் அல்ட்ராசவுண்டைக் குவித்து, ஈரல் துண்டின் மேற்பரப்பு அப்படியே இருக்க உட்பகுதியை மட்டும் சுட்டுக் காட்டினார்கள். 1950களில் இல்லினாயில் வில்லியம் ஃப்ரை, பிரான்சிஸ் ஃப்ரை சகோதரர்கள் மூளைக்குள்ளேயே இதைச் செய்தார்கள்; மண்டையோட்டின் ஒரு பகுதியை அகற்றிவிட்டுத்தான் ஒலியைச் செலுத்த முடிந்தது. ஆனால் ஃபைப்ராய்டுக்கான முதல் கருவிக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதி கொடுத்தது 2004 அக்டோபரில். நடுவே அறுபது வருடங்களுக்கு மேல் ஓடிவிட்டன. ஏன் இவ்வளவு தாமதம்? நெருப்பு கையில் இருந்தது, அது எங்கே எரிகிறது என்று பார்க்கக் கண் இல்லை. என்னைக் கேட்டால், இந்தச் சிகிச்சையின் கதாநாயகன் ஒலி அல்ல, தெர்மாமீட்டர்.

முதலில் நெருப்பைப் பார்த்துவிடலாம். வெயிலில் பூதக்கண்ணாடி பிடித்துக் காகிதத்தைப் பொசுக்குவதோடு இதை ஒப்பிடுவது வழக்கம். தப்பில்லை, ஆனால் காற்று வெயிலை விடுவதுபோல உடம்பு ஒலியைச் சும்மா விட்டுவிடாது, வழியெல்லாம் வரி வசூலிக்கும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தோலைத் தொடும் இடத்தில் ஒலிக்கற்றை 8 சென்டிமீட்டர் அகலம் என்று வைத்துக்கொண்டால் பரப்பு ஏறக்குறைய 50 சதுர சென்டிமீட்டர். குவியும் இடத்தில் அகலம் 4 மில்லிமீட்டர்தான். பரப்பு 400 மடங்கு சுருங்குகிறது. வழியில் பாதிக்கு மேல் உறிஞ்சப்பட்டுவிட்டாலும், குவியத்தில் ஒலியின் செறிவு தோலில் இருப்பதைப்போல நூற்றைம்பது மடங்காவது இருக்கும். அதனால்தான் தோல் வெதுவெதுப்போடு தப்பிக்கிறது, உள்ளே இருப்பது வேகிறது.

இந்தக் கணக்கில் சுருதிக்கும் பங்கு உண்டு. கர்ப்பிணிகளுக்கு ஸ்கேன் எடுக்கும் அல்ட்ராசவுண்ட் விநாடிக்குப் பல லட்சம் முறை, சாதாரணமாக 20 லட்சத்துக்கு மேல், அதிரும். இங்கே பயன்படுவது சுமார் 10 லட்சம், அதாவது ஒரு மெகாஹெர்ட்ஸ். அப்போது உடம்புக்குள் அலைநீளம் ஒன்றரை மில்லிமீட்டர். சுருதியைக் கூட்டினால் இன்னும் கூர்மையாகக் குவிக்கலாம். ஆனால் ஆழத்துக்குப் போவதற்குள் ஒலி தீர்ந்துவிடும். குறைத்தால் ஆழம் கிடைக்கும், குவியம் பரந்துவிடும். இரண்டுக்கும் நடுவே செய்துகொண்ட சமரசம்தான் அந்த ஒரு மெகாஹெர்ட்ஸ்.

கிண்ணத்தில் இருப்பதும் ஒரே ஒலிபெருக்கி அல்ல. முதலில் அனுமதி பெற்ற கருவியில் 208 சிறு துண்டுகள். பல தூரங்களில் நிற்பவர்கள் ஒரே நேரத்தில் ஓரிடத்தில் கூட வேண்டுமானால் தொலைவில் நிற்பவர் முதலில் கிளம்ப வேண்டும் இல்லையா? அதேபோல ஒவ்வொரு துண்டும் எப்போது அதிர வேண்டும் என்பதை மைக்ரோவிநாடிக்கும் குறைவான வித்தியாசங்களில் மாற்றினால், கிண்ணத்தை அசைக்காமலே குவியத்தை நகர்த்தலாம்.

இனி தெர்மாமீட்டர். எம்.ஆர்.ஐ. என்பது நம் உடம்பின் தண்ணீரில் உள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்களைக் கேட்கும் கருவி. 1.5 டெஸ்லா (காந்தப்புலத்தின் அலகு) வலுவுள்ள காந்தத்துக்குள் அவை விநாடிக்குச் சுமார் 6 கோடியே 40 லட்சம் முறை சுழன்றாடுகின்றன. தண்ணீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று ஹைட்ரஜன் பிணைப்பால் லேசாகப் பிடித்துக்கொண்டிருக்கும். சூடு ஏற ஏற அந்தப் பிடி தளரும். பிடி தளர்ந்தால், அணுக்கருவைச் சுற்றியிருக்கும் எலெக்ட்ரான்கள் காந்தப்புலத்திலிருந்து அதை இன்னும் கொஞ்சம் நன்றாக மறைக்கும். ஆட்டம் ஒரு துளி மெதுவாகும். எவ்வளவு? ஒரு டிகிரி செல்சியஸுக்குப் பத்துக் கோடியில் ஒரு பங்கு! 6 கோடியே 40 லட்சத்தில் ஒரு சுழற்சிகூட முழுதாகக் குறையாது. இந்த அற்ப மாற்றத்தைப் பிடித்து, சூடாக்குவதற்கு முன் எடுத்த படத்திலிருந்து கழித்து, சில விநாடிகளுக்கு ஒருமுறை திரையில் வெப்ப வரைபடமாகக் காட்டுகிறார்கள். வயிற்றைத் திறக்காமல் உள்ளே 58 டிகிரியா 65 டிகிரியா என்று படிக்க முடிகிறது. 1990களில் பாஸ்டனின் பிரிகம் மருத்துவமனையில் ஃபெரென்ஸ் யோலெஸ், குல்லெர்வோ ஹுனினென் போன்றவர்கள் ஒலியையும் காந்தத்தையும் ஒரே மேசைக்குக் கொண்டுவந்த பிறகுதான் இந்தத் துறைக்குக் கண் திறந்தது.

கழித்தல் என்று சொன்னேன் அல்லவா, அதில் ஒரு வம்பு உண்டு. முதல் படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே படுத்திருக்கும் பெண் கொஞ்சம் நகர்ந்துவிட்டால் கழித்து வரும் விடை குப்பை. மூன்று நான்கு மணி நேரம் ஆடாமல் அசையாமல் குப்புறப் படுத்திருப்பது சுலபமான காரியம் அல்ல. "அறுவை இல்லை" என்பதைச் "சிரமம் இல்லை" என்று விளம்பரங்கள் மொழிபெயர்க்கும்போது எனக்கு எரிச்சல் வருவது இதனால்தான்.

எத்தனை டிகிரி போதும்? 1984இல் சபரேட்டோ, டூயி என்ற இருவர் வகுத்த கணக்கு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. 43 டிகிரியில் 240 நிமிடம் வைத்திருந்தால் திசு செத்துவிடும் என்பது அளவுகோல். அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரி ஏறும்போதும் தேவைப்படும் நேரம் பாதியாகும். 44இல் 120 நிமிடம். 50இல் இரண்டு நிமிடத்துக்கும் சற்றுக் குறைவு. 57இல் ஒரு விநாடிகூட வேண்டாம். 240 நிமிடத்தைப் பதினான்கு முறை பாதியாக்கிப் பாருங்கள், புரியும். முட்டையின் வெள்ளைக்கரு கட்டியாவதுபோல செல்லின் புரதங்கள் உருக்குலைந்துபோகும்; பிறகு சூடு ஆறினாலும் அவை பழைய நிலைக்குத் திரும்பாது.

ஆகவே ஒரு சூடு இருபது விநாடி அளவில் முடிந்துவிடும். அடுத்த சூட்டுக்கு முன் ஒரு நிமிடத்துக்கு மேல் ஓய்வு கொடுப்பார்கள். குவியம் ஆறுவதற்காக அல்ல, வழியில் வரி வசூலித்த தோலும் கொழுப்பும் ஆறுவதற்காக. முதல் சூடு வேண்டுமென்றே பலவீனமாக இருக்கும். சில டிகிரி மட்டும் ஏற்றி, குறிவைத்த இடத்தில்தான் சூடாகிறதா என்று சரிபார்த்த பிறகே முழு வீச்சில் இறங்குவார்கள். கட்டி பெரிதானால் இப்படிப் பல பத்துச் சூடுகள் தேவைப்படும்.

தடைகளும் உண்டு. ஒலிக்குப் பரம எதிரி காற்று. திசுவும் காற்றும் சந்திக்கும் இடத்தில் ஒலி ஏறக்குறைய முழுக்கத் திரும்பிவிடும். தொட்டித் தண்ணீரில் கரைந்த வாயுவை நீக்குவதும், அடிவயிற்று முடியை மழிப்பதும் அதற்காகத்தான். கட்டிக்கு முன்னால் குடல் வந்து நின்றால் அதற்குள் வாயு இருக்கும், குடல் வெந்துபோகும் ஆபத்தும் சேரும். அப்போது சிறுநீர்ப்பையை நிரப்பியோ மலக்குடலை நிரப்பியோ கர்ப்பப்பையை நகர்த்திக் குடலை ஒதுக்கப் பார்ப்பார்கள். வழி கிடைக்காவிட்டால் சிகிச்சையே கிடையாது. பழைய அறுவைத் தழும்பு ஒலியை அதிகம் உறிஞ்சித் தோலைப் பொசுக்கிவிடலாம். குவியத்தைத் தாண்டிச் செல்லும் ஒலி முதுகின் அடி எலும்பில் பட்டால் எலும்பு சூடாகி, அதை ஒட்டியுள்ள நரம்பு துடிக்கும். காலில் சுரீரென்றால் அழுத்தச் சொன்ன பொத்தான் நினைவிருக்கிறதா?

அருமையான தெர்மாமீட்டருக்கும் ஒரு குருட்டுப்புள்ளி உண்டு. கொழுப்பில் தண்ணீரைப்போல ஹைட்ரஜன் பிணைப்பு இல்லை, அதனால் மேலே சொன்ன தந்திரம் அங்கே பலிக்காது. தோலுக்கு அடியில் இருப்பதோ கொழுப்பு அடுக்கு. சூட்டுக்காயம் வர வாய்ப்புள்ள இடங்களில் அதுவும் ஒன்று. அங்கே இயந்திரத்துக்கு எட்டாததை அந்தப் பெண்ணின் விரல்தான் சொல்ல வேண்டும்.

எல்லாக் கட்டியும் ஒரே மாதிரி வேகாது. எம்.ஆர்.ஐ. படத்தில் கறுப்பாகத் தெரிபவை நன்றாகச் சூடேறும். வெள்ளையாகத் தெரிபவற்றில் நீரும் ரத்த ஓட்டமும் அதிகம், சூட்டைச் சேரவிடாது. இன்னொரு குறையையும் மறைக்கக் கூடாது. அறுத்தெடுத்தால் துண்டைச் சோதனைக்கு அனுப்பலாம், சுட்டால் அனுப்பத் துண்டு இருக்காது. நார்க்கட்டி வேஷத்தில் புற்றுநோய் ஒளிந்திருப்பது அபூர்வம் என்றாலும், சந்தேகம் இருக்கும் கட்டியில் இந்த முறையைத் தொடக் கூடாது.

எல்லாம் முடிந்ததும் கடோலினியம் மருந்தை ரத்தத்தில் ஏற்றிக் கடைசிப் படம் எடுப்பார்கள். ரத்தம் ஓடும் இடமெல்லாம் பளிச்சென்று ஒளிரும். கட்டியின் செத்த பகுதி மட்டும் கரிய ஓட்டையாகத் தெரியும். அந்த ஓட்டை கட்டியை எவ்வளவு நிறைத்திருக்கிறதோ அவ்வளவுக்கு நிவாரணம் நீடிக்கும். கட்டியில் பாதி சாகாமல் தப்பினால் மறுபடி வளரும் வாய்ப்பு அதிகம். பெரும்பாலும் அன்றைக்கே வீட்டுக்குப் போய்விடலாம், ஓரிரு நாளில் வேலைக்கும்.

கட்டி அன்றைக்கே காணாமல் போகாது. செத்த திசுவை உடம்பே மாதக்கணக்கில் மெல்லக் கரைத்து உறிஞ்சிக்கொள்ளும். ஆறு மாதம் கழித்து ஸ்கேன் எடுத்தவர்கள் அறிக்கையைப் பார்த்து ஏமாந்துபோவது உண்டு: 8 சென்டிமீட்டர் இருந்தது, இப்போது 7. இதற்கா இத்தனை பாடு? ஆனால் அது உருண்டை. எட்டின் கனம் (8 × 8 × 8) 512, ஏழின் கனம் 343. மூன்றில் ஒரு பங்கு கட்டி போய்விட்டது, மிச்சத்திலும் பெரும்பகுதி ரத்தமில்லாத செத்த நார். உதிரப்போக்கு குறைந்திருக்கிறதா, இரவில் சிறுநீருக்கு எத்தனை முறை எழுகிறார் என்பது அந்த ஒரு சென்டிமீட்டரைவிட நிறையச் சொல்லும்.