இரண்டு மில்லிமீட்டர் தகட்டில் மரை எங்கே நிற்கிறது?

"வாட்டர் ஹீட்டர் தொட்டியின் தகடு இரண்டு மில்லிமீட்டர்தான் என்கிறார்கள். அதில் எப்படி மரை போட்டு பைப்பைத் திருக முடிகிறது?" வாசகர் ஒருவர் இப்படிக் கேட்டிருந்தார். எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி. தினமும் குளிக்கும்போது எதிரே தொங்கும் பொருளைப் பற்றி இப்படி யோசிப்பவர் குறைவு.

முதலில் அவருடைய சந்தேகம் நியாயமானதுதானா என்று கணக்குப் போட்டுவிடலாம். அரை அங்குலப் பைப்பு மரையில் ஓர் அங்குல நீளத்துக்கு 14 சுற்று. 25.4-ஐ 14-ஆல் வகுத்தால் ஒரு சுற்றுக்கு 1.81 மி.மீ. ஆக, 2 மி.மீ. தகட்டில் ஒரு சுற்று அடங்கும், கொசுறாக இன்னும் துளியூண்டு. அதில் பைப்பைத் திருகினால் நிற்காது, ஆடும். (அரை அங்குலப் பைப்பை அளந்து பார்த்தால் அரை அங்குலம் எங்கேயும் கிடைக்காது. வெளிவிட்டம் சுமார் 21 மி.மீ. பழைய காலத்துப் பைப்பின் உள்துளையை வைத்து வந்த பெயர். பைப்பு மாறியது, பெயர் மாறவில்லை.)

நீரின் அழுத்தம் பைப்பைப் பிடுங்கி எறிந்துவிடும் என்றுதான் பலரும் பயப்படுகிறார்கள். தொட்டிக்குள் 10 பார் அழுத்தம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 21 மி.மீ. வட்டத்தின் மேல் அது தரும் விசை ஏறக்குறைய 35 கிலோ எடைக்குச் சமம். எஃகுக்கு இதெல்லாம் ஒரு சுமையே இல்லை. பைப்பு தெறிப்பது அல்ல இங்கே பிரச்சினை, ஒழுகுவது. ஒழுகாமல் இருக்க மரை ஆடாமல் உட்கார வேண்டும், அதற்குக் கனம் வேண்டும். தொட்டி முழுவதையும் கனமான தகட்டில் செய்தால் எடையும் செலவும் ஏறும். கனம் வேண்டியது துளையைச் சுற்றி மட்டும்தான்.

வழக்கமான வழி வெல்டிங். உள்ளே மரை வெட்டிய கனமான எஃகு வளையத்தைத் துளையின் மேல் வைத்துப் பற்றவைத்துவிடுவார்கள். வளையத்தின் அடியில் மெல்லிய மேடு ஒன்று வட்டமாக ஓடும். மேலேயும் கீழேயும் தாமிர மின்முனைகளால் அழுத்திப் பல்லாயிரம் ஆம்பியர் மின்சாரத்தைப் பாய்ச்சினால், அத்தனை மின்சாரமும் அந்த மேட்டின் வழியாகவே நெரிபட்டுப் போகும். கண்ணிமைக்கும் நேரத்தில் மேடு இளகித் தகட்டோடு ஒட்டிக்கொள்ளும். நீர் உள்ளே வரும் வாய், வெளியே போகும் வாய் போன்ற பெரிய இணைப்புகளுக்குப் பெரும்பாலும் இதுதான்.

என் மனம் போவது உராய்வுத் துளையிடல் என்ற இன்னொரு வழிக்கு. அதில் வளையமும் இல்லை, வெல்டிங்கும் இல்லை. தகட்டுக்குத் தேவையான கனத்தைத் தகட்டிலிருந்தே எடுத்துக்கொள்கிறார்கள்.

சாதாரண டிரில் என்ன செய்கிறது? உலோகத்தைச் சீவிச் சீவி வெளியே தள்ளுகிறது. துளை இருக்கும் இடத்தில் முன்பு இருந்த எஃகு சுருள் சுருளாகக் குப்பைக்குப் போகிறது. கனம் போதவில்லை என்று புலம்பிக்கொண்டே இருக்கிற உலோகத்தையும் எறிகிறோம்! உராய்வுத் துளையிடலில் அந்தக் குப்பையே கிடையாது.

அதற்கான கருவியில் வெட்டும் முனையே இல்லை. டங்ஸ்டன் கார்பைடில் செய்த, பென்சில் முனை போலக் கூம்பிய ஒரு மழுங்கல் தண்டு, அவ்வளவுதான். அது நிமிடத்துக்கு இரண்டாயிரம், மூவாயிரம் சுற்றுச் சுற்றும். அப்படியே தகட்டின் மேல் வைத்து அழுத்துவார்கள். முதல் ஒரு நொடி ஒன்றும் நடக்காதது போலத் தெரியும். பிறகு முனையைச் சுற்றி எஃகு சிவக்கத் தொடங்கும். அறுநூறு, எழுநூறு டிகிரி. எஃகு உருக 1,500 டிகிரி வேண்டும், அதனால் உருகுவதில்லை. ஆனால் விறைப்பு போய், பிசைந்த மாவு போல இளகிவிடுகிறது.

இளகிய எஃகு எங்கே போகும்? கீழே இன்னும் குளிர்ந்த தகடு தடுத்து நிற்கிறது. அதனால் முதலில் மேலே பிதுங்கி, கருவியின் இடுப்பைச் சுற்றி ஒரு சின்ன வரப்பாக எழுகிறது. முனை தகட்டைத் துளைத்துக்கொண்டு அடிப்பக்கம் எட்டிப் பார்த்ததும் வழி திறந்துவிடும். மிச்ச எஃகு கீழ்நோக்கி வழிந்து குழாய் போல நீள்கிறது. எல்லாம் சில நொடிகளில் முடிந்துவிடும். கருவியை எடுத்தால், 2 மி.மீ. தகட்டில் இப்போது 5, 6 மி.மீ. ஆழமுள்ள ஒரு கழுத்து. துளையிலிருந்து வந்த எஃகுதான் துளைக்குச் சுவர்.

கருவியின் குறுக்குவெட்டு முழு வட்டம் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். லேசாக மூலை மழுங்கிய சதுரம் போல இருக்கும். முழு வட்டமாக இருந்தால் உடம்பு முழுவதும் தேய்த்துத் தேவைக்கு மேல் சூடேற்றும். மேடுகள் மட்டும் தேய்க்க, இடையில் உள்ள பள்ளங்கள் உலோகம் நகர வழிவிடுகின்றன. 1920-களிலேயே பிரான்சில் இந்த எண்ணம் வந்துவிட்டது. ஆனால் இந்தச் சூட்டைத் தாங்கும் கருவிப் பொருளும் சரியான வடிவமும் அமையப் பல பத்தாண்டுகள் பிடித்தன.

இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ரம்ஃபோர்டு என்ற இயற்பியலாளர் நினைவுக்கு வருவார். மியூனிக் ஆயுதச்சாலையில் பீரங்கிக் குழாய் குடையும்போது இவ்வளவு சூடு எங்கிருந்து வருகிறது என்று அவர் வியந்தார். வேண்டுமென்றே ஒரு மழுங்கிய குடைகருவியை எடுத்து, பீரங்கி உலோகத்தைச் சுற்றித் தண்ணீரை நிரப்பி, குதிரைகளை விட்டுச் சுற்ற வைத்தார். இரண்டரை மணி நேரத்தில் தண்ணீர் கொதித்தது, நெருப்பே இல்லாமல். 1798-இல் அவர் எழுதிய அந்தக் கட்டுரைதான், வெப்பம் ஒரு திரவம் என்ற அன்றைய நம்பிக்கைக்கு விழுந்த பெரிய அடிகளில் ஒன்று. மழுங்கிய கருவியால் வெந்நீர் வைத்த மனிதர் அவர். இன்று வெந்நீர்த் தொட்டி செய்யவே மழுங்கிய கருவி!

கழுத்து வந்தாயிற்று, மரை? அதையும் வெட்டத் தேவையில்லை. துளைக்குள் மரை போடும் கருவிக்கு டேப் (tap) என்று பெயர். வெட்டும் டேப்புக்குப் பதிலாக உருட்டும் டேப் ஒன்று உண்டு. அதில் சீவல் போக வழியே இருக்காது, ஏனென்றால் சீவலே வராது. அது உலோகத்தை அழுத்தி, பள்ளத்திலிருந்து மேட்டுக்குத் தள்ளுகிறது. அதனால் தொடக்கத் துளையும் பெரிதாக இருக்க வேண்டும். 8 மி.மீ. மரைக்கு வெட்டும் டேப் என்றால் 6.8 மி.மீ. துளை, உருட்டும் டேப் என்றால் சுமார் 7.4. நல்ல உருப்பெருக்கியில் பார்த்தால் மரையின் உச்சியில் குளம்பு போல ஒரு சின்னப் பிளவு தெரியும். இரண்டு பக்கமிருந்தும் ஏறி வந்த உலோகம் முழுசாகச் சேராமல் நின்ற இடம் அது. அழுத்தப்பட்டதால் மரையின் பக்கங்கள் இறுகி, முன்பைவிடக் கெட்டியாகியிருக்கும்.

இந்த மரையில் ஒரு சுற்று 1.25 மி.மீ. ஆக, கழுத்தில் நான்கு சுற்று கிடைக்கும். நான்கு போதுமா? போதும். திருகாணியில் சுமை எல்லா மரைக்கும் சமமாகப் பங்கிடப்படுவதில்லை. முதல் மரையே மூன்றில் ஒரு பங்கைத் தாங்கிவிடும், அடுத்தடுத்தவை குறைந்துகொண்டே போகும். பத்தாவது மரை பெரும்பாலும் சும்மா நிற்கிறது.

இனி ஒழுகல். பைப்பு மரை பல இடங்களில் நேர் உருளையாக இருக்காது, லேசாகக் கூம்பியிருக்கும். 16 மி.மீ. நீளத்துக்கு விட்டம் 1 மி.மீ. மாறும். அப்படியென்றால் ஸ்பேனரை ஒரு முழுச் சுற்றுச் சுற்றும்போது ஆண் மரை 1.81 மி.மீ. உள்ளே போகிறது, அந்த இடத்தில் விட்டம் 0.11 மி.மீ. கூடுகிறது. ஏறக்குறைய ஒரு தலைமுடியின் பருமன். கேட்க அற்பம். ஆனால் அது ஆப்பு. கைக்கு இறுகிய பிறகு ஒவ்வொரு சுற்றும் அந்த ஒரு முடியளவு ஆப்பைப் பைப்பு வாய்க்குள் அடிக்கிறது.

அப்படி இறுக்கினாலும் மரையின் உச்சிக்கும் எதிர்ப்பள்ளத்துக்கும் நடுவே சுருள் வடிவில் மெல்லிய சந்து மிஞ்சும். நீர் அதில் சுற்றிச் சுற்றி ஏறி வெளியே வரும். பைப்பு மரையில் சுற்றும் டெஃப்லான் டேப் (tape) அடைப்பது அந்தச் சந்தைத்தான். டேப் அதிகம் சுற்றினால் அதிகப் பாதுகாப்பு என்பதும், இறுக்க இறுக்க நல்லது என்பதும் எனக்கு மூடநம்பிக்கைக் கணக்கில்தான் வருகின்றன. தாயத்து கட்டுகிற அதே மனசு.

இறுக்கினால் என்ன கெடும்? தொட்டியின் உட்புறம் கண்ணாடி. பொடித்த கண்ணாடிக் குழம்பைப் பூசி 850 டிகிரியை ஒட்டிச் சுட்ட எனாமல். குளிரும்போது எஃகு அதிகமாகச் சுருங்குவதால், எனாமல் எப்போதும் நெருக்கப்பட்ட நிலையில் இருக்கிறது. கண்ணாடிக்கு நெருக்கல் பிடிக்கும், இழுப்பு பிடிக்காது. பைப்பு வாயில் ஆப்பை மிஞ்சி அடித்தால் வாய் விரிகிறது, எனாமல் இழுபடுகிறது, மயிரிழையாய் வெடிக்கிறது. தூக்கி எறிந்த தொட்டி ஒன்றை ஒருமுறை நெடுக்காக அறுத்துப் பார்த்தேன். நடு உடம்பு நீலப் பளபளப்புடன் புதிது போல இருந்தது. பைப்பு வாயைச் சுற்றி மட்டும் துரு, சூரியன் படம் போட்டது போலக் கதிர் கதிராக. அதற்கு முந்தைய வருடம் அந்தப் பைப்பை "இன்னும் ஒரு சுற்று" என்று முறுக்கியது நான்தான்.

இன்னொரு தொல்லை, உலகில் இரண்டு மரைகள் இருப்பது. இங்கிலாந்தில் விட்வொர்த் என்ற பொறியாளர் 1841-இல் முன்வைத்த மரைக்கோணம் 55 டிகிரி, அமெரிக்காவில் செல்லர்ஸ் என்ற பொறியாளர் 1864-இல் முன்வைத்தது 60. பைப்பு மரையிலும் இந்தப் பிளவு தொடர்கிறது. அரை அங்குலத்தில் இரண்டுக்குமே அங்குலத்துக்கு 14 சுற்று என்பதால் ஒன்றுக்குள் ஒன்று சமர்த்தாக ஏறும். பொருந்திவிட்டது என்று நம்பவைத்துவிட்டு ஒழுகும். இந்த மாதிரி இணைப்புகளை ஆராய்கிறேன் என்று ஒருவர் நிதி கேட்டால் குழுவில் யாரும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள். ராக்கெட் என்றால் பார்ப்பார்கள். ராக்கெட்டிலும் மரை ஒழுகினால் கதை முடிந்தது என்பது தனி விஷயம்.

மரையின் கூரான விளிம்பில் எனாமல் நிற்காது, உருகிய கண்ணாடி பரப்பு இழுவிசையால் விலகிவிடும். அதனால் மரைகள் வெற்று எஃகாகவே இருக்கும். அவற்றைக் காக்கத் தொட்டிக்குள் ஒரு மெக்னீசியத் தண்டு தொங்குகிறது. எஃகுக்குப் பதிலாகத் தான் கரைவது அதன் வேலை. அதுவும் பெரும்பாலும் ஒரு மரையில்தான் தொங்குகிறது. மெக்னீசியத்திலிருந்து எஃகுக்கு எலக்ட்ரான்கள் போக வேண்டிய வழியும் அந்த மரைதான். தண்டை மாற்றும்போது கழுத்தையும் மரையையும் துடைத்து, உலோகம் உலோகத்தைத் தொடுகிறதா என்று பார்த்து, டெஃப்லான் டேப்பை இரண்டு மூன்று சுற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.