அழுத்தினால் ஒளிரும் கீசெயின்: பழைய கன்ட்ரோலர் பொத்தானுக்குள் நடப்பது என்ன?

பழுதாகி ஓய்ந்துவிட்ட வீடியோ கேம் கன்சோல்களின் பாகங்களைக் கொண்டு கீசெயின் செய்பவர்கள் பெரும்பாலும் சிப்புகளையே முதலில் தேடுகிறார்கள். ஆனால் ஒரு சிப் தன் கருப்பு உறைக்குள் என்ன செய்தது என்பதை வெளியிலிருந்து காண முடியாது. கன்ட்ரோலரின் பொத்தானோ தான் இயங்கும் விதத்தை அப்படியே திறந்து காட்டுகிறது. கன்சோல் செயலிழந்து பல ஆண்டுகள் ஆன பிறகும் விரலுக்குக் கீழே அதே துள்ளலுடன் எழுகிறது. கீசெயினாகும் தகுதி பொத்தானுக்கே அதிகம் என்பது என் கருத்து.

1985-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த நின்டெண்டோ என்டர்டெயின்மென்ட் சிஸ்டம் என்ற கன்சோலின் கன்ட்ரோலரை எடுத்துக்கொள்வோம். பின்புறத் திருகுகளைக் கழற்றினால் மேலே பிளாஸ்டிக் பொத்தான், நடுவே சிறு குவிமாடங்களாக எழும்பிய ரப்பர் விரிப்பு, அடியில் சர்க்யூட் போர்டு என்று மூன்று அடுக்குகளே இருக்கும். ஒவ்வொரு குவிமாடத்தின் உட்புறத்திலும் ஒரு கருப்பு வில்லை உண்டு. அது கார்பன் கலந்து மின்சாரம் கடத்தும்படி செய்யப்பட்டது. அதற்கு நேர் கீழே, போர்டின் மீது, இரண்டு தடங்கள் மிக அருகருகே, ஆனால் ஒன்றையொன்று தொடாமல் அமைந்திருக்கும். அந்த இடத்துச் செம்பு துருப்பிடிக்காமலிருக்க அதன் மீதும் கார்பன் பூசியிருப்பார்கள்.

விரலால் அழுத்தும்போது குவிமாடம் கொஞ்ச தூரம் எதிர்த்து நின்று, பின் சட்டென்று மடங்குகிறது. விரல் நுனியில் நாம் உணரும் அந்தத் துள்ளல் இதுதான். மடங்கிய கணத்தில் வில்லை இரு தடங்களையும் சேர்த்துத் தொட்டு அவற்றுக்கிடையே பாலமாகிறது. இரண்டில் ஒரு தடம் எப்போதும் பூச்சிய மின்னழுத்தத்தில் இருக்கும்; பொத்தானை அழுத்தாதவரை மற்றதன் மின்னழுத்தத்தை ஒரு மின்தடை மேலே பிடித்து வைத்திருக்கும். பாலம் அமைந்ததும் அந்த மின்னழுத்தம் ஏறத்தாழப் பூச்சியத்துக்கு இறங்கும். ‘உண்டு’, ‘இல்லை’ என்ற இரண்டை மட்டும் பிரித்தறிந்தால் போதும் என்பதால், வில்லை செம்பைப் போல நன்றாகக் கடத்த வேண்டிய தேவை இல்லை. இந்தக் குணம் நமக்குப் பின்னால் உதவப்போகிறது.

எட்டுப் பொத்தான்களின் நிலையையும் 4021 என்ற சிறிய சிப் ஒரே நேரத்தில் பதிந்துகொண்டு, வரிசையாக ஒவ்வொன்றாகக் கன்சோலுக்கு அனுப்பியது. அதனால்தான் எட்டுப் பொத்தான்களுக்கும் சேர்த்து ஐந்தே கம்பிகள் போதுமாக இருந்தன.

இனி வெட்டும் வேலை. பழுப்பு நிற போர்டு என்றால் அது பெரும்பாலும் பிசின் ஊட்டிய காகித அடுக்கு. விளிம்புக்கு மிக அருகில் துளையிட்டால் பிளந்துவிடும். பச்சை நிற போர்டுகளில் பெரும்பாலானவை கண்ணாடி இழையும் எபாக்சி என்ற பிசினும் சேர்ந்தவை. அவை உறுதியானவை, ஆனால் அறுக்கும்போது பறக்கும் தூள் நுரையீரலுக்குக் கேடு. எனவே போர்டை நனைத்துக்கொண்டே அறுப்பதும் தேய்ப்பதும் அவசியம், முகக்கவசமும் அவசியம். ஈயத்தைக் கட்டுப்படுத்தும் ஐரோப்பிய ஒன்றிய விதி 2006 ஜூலையில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய கன்சோல்களின் சால்டரில், அதாவது பாகங்களைப் போர்டோடு ஒட்டவைக்கும் உலோகப் பற்றில், ஈயம் இருக்கும் என்றே கொள்ள வேண்டும். நாள்தோறும் கைபடும் பொருள் என்பதால், சால்டர் புள்ளிகளை வார்னிஷ் பூசி மூடாமல் விடக் கூடாது.

முழுவதையும் ரெசினில், அதாவது ஊற்றியபின் இறுகிவிடும் பிசின் திரவத்தில், மூழ்கடிக்க ஆசை வரும். பொத்தானுக்கு அது ஒத்துவராது, ஏனென்றால் குவிமாடத்துக்குள் ரெசின் புகுந்து இறுகினால் துள்ளல் போய்விடும். வெறும் போர்டுத் துண்டை வார்ப்பதென்றாலும் எந்த ரெசின் என்பது முக்கியம். புற ஊதா ஒளியில் இறுகும் வகை, ஒளி படும் இடத்தில் மட்டுமே இறுகும்; சிப்பின் நிழலில் இருப்பது திரவமாகவே தங்கி, பின்னொரு நாள் பிசுபிசுப்பாகக் கசியும். ஹார்டனர் என்ற இறுக்கும் திரவத்தைக் கலக்கும் எபாக்சிக்கு ஒளி தேவையில்லை. இரண்டும் சரியான விகிதத்தில் கலந்தால் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து நிழலிலும் இறுகும். அந்த வினை வெப்பத்தை வெளிவிடுவதால், ஒரேயடியாகத் தடிமனாக ஊற்றாமல் மெல்லிய அடுக்குகளாக ஊற்ற வேண்டும்.

பொத்தானை உயிரோடு வைத்திருக்க, அதைச் சுற்றியுள்ள மேலுறை, ரப்பர், போர்டு மூன்றையும் ஒரே அளவில் வெட்டி, சிறு திருகுகளால் மீண்டும் இறுக்கினால் போதும். இரு தடங்களையும் மற்ற இணைப்புகளிலிருந்து கத்தியால் துண்டித்துவிட்டு, 3 வோல்ட் நாணய பேட்டரியையும் ஒரு சிவப்பு எல்இடியையும் அவற்றோடு வரிசையாக இணைக்கலாம். சிவப்பு எல்இடிக்குச் சுமார் 2 வோல்ட் போதும்; எஞ்சிய 1 வோல்ட்டைக் கார்பன் வில்லையின் மின்தடை ஏற்றுக்கொண்டு மின்னோட்டத்தையும் மட்டுப்படுத்துகிறது. குழந்தைகள் விழுங்கினால் உயிருக்கே ஆபத்தானது என்பதால் நாணய பேட்டரியைத் திருகு போட்ட மூடிக்குள் மட்டுமே வைக்க வேண்டும்.

இப்போது பொத்தானை மெதுவாக அழுத்திப் பாருங்கள். வில்லையின் ஓரம் மட்டும் தொடும்போது தொடுபரப்பு குறைவு, மின்தடை அதிகம், எனவே ஒளி மங்கலாக இருக்கும். இன்னும் அழுத்தினால் வில்லை முழுவதும் படிந்து ஒளி கூடும். கன்சோலுக்கு ஒருபோதும் தேவைப்படாத அந்த நுண்ணிய வேறுபாடு இப்போது கண்ணுக்குத் தெரிகிறது.