சொல் விளக்கம்: கில்ட்டி பிளீயை வாபஸ் பெறுதல்

குற்றத்தை ஒப்புக்கொள்வதாக நீதிமன்றத்தில் சொல்லும் பதில்தான் ‘கில்ட்டி பிளீ’. அதை ஒருவர் திரும்பப் பெற முயன்றால், அமெரிக்கக் குற்ற வழக்குகளைப் பற்றிய தமிழ்ச் செய்திகளில் ‘வாக்குமூலத்தை வாபஸ் பெற்றார்’ என்று எழுதிவிடுகிறார்கள். இரண்டு சொல்லுமே பொருந்தவில்லை.

முதலில் ‘பிளீ’. இதன் மூலம் லத்தீன் ‘பிளாசிட்டும்’, அதாவது ‘உகந்தது’. உகந்தது என்று எடுத்த முடிவு, ஆணை என்று பொருள் வளர்ந்து, பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது வழக்கைக் குறித்தது. குற்ற வழக்கில் இன்று அதன் பொருள், குற்றம் சாட்டப்பட்டவர் அதற்கு நீதிபதி முன் சொல்லும் பதில். ‘ப்ளீஸ்’ என்று தினமும் சொல்கிறோமே, அதற்கும் இதே வேர்தான்.

வாக்குமூலம் வேறு. அது ஒரு சான்று. அதை வைத்து விசாரணை நடக்கும். குற்றத்தை ஒப்புக்கொண்டு நீதிமன்றமும் அதை ஏற்றுவிட்டாலோ விசாரணையே கிடையாது, தண்டனைதான் பாக்கி. 1927-இல் கெர்ச்செவல் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இந்த வேறுபாட்டைத் தெளிவாகச் சொன்னது. நீதிமன்ற அனுமதியோடு திரும்பப் பெற்ற ஒப்புதலைப் பிற்பாடு சான்றாகக் காட்டக் கூடாது என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது.

அடுத்து ‘வாபஸ்’. பாரசீகச் சொல், ‘திரும்ப’ என்று பொருள். வேட்புமனுவை வாபஸ் வாங்குகிறவர் யாரிடமும் காரணம் சொல்ல வேண்டாம். இங்கே எப்போதும் அப்படி முடியாது. அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றங்களின் 11-ஆம் விதிப்படி, நீதிமன்றம் ஒப்புதலை ஏற்கும் முன்பு என்றால் காரணமே இல்லாமல் விலகலாம். ஏற்ற பிறகு, தண்டனைக்கு முன், நியாயமான காரணம் காட்ட வேண்டும். தண்டனை விதித்தபின் அந்தக் கதவும் அடைபட்டுவிடும். மேல்முறையீடு போன்ற வழிகள்தான் மிச்சம்.

அதிபர் டிரம்பின் தேசியப் பாதுகாப்பு ஆலோசகராக இருந்த மைக்கேல் ஃபிளினின் வழக்கு நல்ல உதாரணம். எஃப்.பி.ஐ.யிடம் பொய் சொன்னதாக 2017 டிசம்பரில் ஒப்புக்கொண்டார். 2020 ஜனவரியில் அதிலிருந்து விலக மனுப் போட்டார். அந்த மனுவில் முடிவு வருவதற்குள், நவம்பரில் அதிபரின் மன்னிப்பு வந்துவிட்டது. ஆக அவர் ‘வாபஸ் பெற்றார்’ என்பது தப்பு. பெற அனுமதி கேட்டார், அவ்வளவுதான். அனுமதி கிடைத்தாலும் அது விடுதலை ஆகாது. வழக்கு மறுபடி விசாரணைக்குத்தான் போகும்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? நம் நீதிமன்றங்களில் ‘குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா?’ என்றுதான் கேட்கிறார்கள். அதனால் கில்ட்டி பிளீக்குக் ‘குற்ற ஒப்புதல்’ இயல்பாகப் பொருந்தும். முழுத் தொடருக்குக் ‘குற்ற ஒப்புதலைத் திரும்பப் பெறுதல்’. இலங்கைத் தமிழில் ‘மீளப் பெறுதல்’. மனு நிலுவையில் இருந்தால் ‘திரும்பப் பெற அனுமதி கோரினார்’ என்று முழுசாக எழுதுங்கள். தலைப்பு ஒரு வரி நீண்டாலும் பரவாயில்லை.