குழந்தையின் கல்லீரல் திடீரெனச் செயலிழக்கும்போது

மஞ்சள் காமாலை வரும் குழந்தைகளில் பெரும்பாலோர் சில வாரங்களில் தேறிவிடுகிறார்கள். மிகச் சிலருக்கு மட்டும், அதுவரை நலமாக இருந்த கல்லீரல் சில நாட்களிலோ வாரங்களிலோ செயலிழந்துவிடுகிறது.

இந்நோயில் பெற்றோரை ஏமாற்றிவிடக் கூடியது எஸ்.ஜி.பி.டி. அளவு. சிதையும் கல்லீரல் செல்களிலிருந்து ரத்தத்தில் கசியும் இந்த நொதி ஆயிரக்கணக்கில் ஏறிவிட்டு மளமளவென்று இறங்கும்போது நோய் தணிவதாகவே தோன்றும்; ஆனால் கசிவதற்குச் செல்களே மிஞ்சாதபோதும் அது இறங்கத்தான் செய்யும். ஆகவே ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்பதைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவையே (தாமதம் கூடினால் இது ஏறும்) மருத்துவர்கள் முதன்மையாக நம்புகிறார்கள். உறைவுக் காரணிகளில் பெரும்பாலானவற்றைக் கல்லீரலே தயாரிக்கிறது. அவற்றுள் ஏழாம் காரணி சில மணி நேரத்திலேயே பாதியாகக் குறைந்துவிடுவதால், தயாரிப்பு நின்றது விரைவில் வெளிப்பட்டுவிடும். உறைவுக்கு உதவும் வைட்டமின் கே ஊசிக்குப் பிறகும் இந்த அளவு 2 அல்லது அதற்கு மேல் இருந்தால், குழந்தை தெளிவாகப் பேசிக்கொண்டிருந்தாலும் அது கல்லீரல் செயலிழப்பே. மூளை பாதிப்பின் அறிகுறி இருந்தால் 1.5 என்பதே போதும்.

குழந்தை பிழைப்பது பெரிதும் காரணத்தைப் பொறுத்தது. இந்தியாவில் முதன்மையான காரணம், அசுத்தமான குடிநீர், உணவு வழியே பரவும் ஹெபடைடிஸ் ஏ. தடுப்பூசியால் தவிர்க்கக்கூடிய இந்நோய்க்கு இன்றும் குழந்தைகளைப் பலிகொடுக்கிறோம் என்பது வேதனை. காய்ச்சல் மருந்தான பாராசிட்டமாலும் ஒரு காரணம்; அதில் ஆபத்து அளவில் இருக்கிறது. 1 மில்லி சொட்டு மருந்தில் 100 மில்லிகிராம் இருக்க, சிரப்பில் 5 மில்லிக்குத்தான் 120 மில்லிகிராம் இருக்கும். சொட்டு மருந்தைச் சிரப் என எண்ணி ஊற்றினால் அளவு நான்கு மடங்காகிவிடும். கல்லீரலில் நச்சை முறிக்கும் குளூட்டாதயோன் என்ற பொருள் தீர்ந்தபின் இம்மருந்தின் நச்சுச் சிதைபொருள் செல்களைக் கொல்லத் தொடங்கும். அதற்குமுன் அசிட்டைல்சிஸ்டைன் என்ற மாற்றுமருந்தைக் கொடுத்தால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலி பேஸ்டுக்கு அத்தகைய மாற்றுமருந்து இல்லை. அதை விழுங்கிய குழந்தை ஓரிரு நாள் நலமாகத் தோன்றிவிட்டுப் பிறகு சரிவது அதன் கொடுமை. தமிழ்நாடு அரசு அதன் விற்பனையைத் தடை செய்தது மிகச் சரியான முடிவு.

பச்சிளம் குழந்தைகளின் கதை வேறு. பால் சர்க்கரையின் ஒரு பகுதியான காலக்டோஸை உடலால் சிதைக்க முடியாத காலக்டோசீமியா என்றால் பாலை நிறுத்துவதே சிகிச்சை. தாயின் எதிர்ப்பொருள் கருவின் கல்லீரலைத் தாக்கியிருந்தால் நன்கொடை ரத்தத்திலிருந்து பிரித்த எதிர்ப்பொருள்களான இம்யூனோகுளோபுலின் பலனளிக்கும். மாறாக, பெரிய குழந்தைக்கு, உடலில் செம்பு தேங்கும் பரம்பரை நோயான வில்சன் நோயால் செயலிழப்பும் மூளை பாதிப்பும் சேர்ந்து வந்துவிட்டால், கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சையின்றிப் பிழைப்பது அரிது. எவ்வளவு தேடியும் காரணம் அகப்படாத குழந்தைகளும் கணிசமாக உள்ளனர்.

கல்லீரல் அகற்றாமல் விடும் அம்மோனியா மூளையை வீங்கச் செய்வதே உயிருக்கு உலை வைக்கிறது. தாயோ தந்தையோ தம் கல்லீரலின் ஒரு பகுதியைத் தரலாம். எஞ்சியது மீண்டும் வளர்ந்துவிடும். ஆனால் தானாகத் தேறக்கூடிய குழந்தைக்கு மாற்று உறுப்பு பொருத்தினால் ஆயுள் முழுதும் மருந்து. காத்திருந்து மூளை மீளமுடியாதபடி வீங்கிவிட்டாலோ புதிய கல்லீரலாலும் பயனில்லை. அதனால்தான் ஐ.என்.ஆர். ஏறத் தொடங்கியதுமே, குழந்தை நினைவோடு இருக்கும்போதே, கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை வசதியுள்ள மையத்துக்கு அனுப்பிவிடுகிறார்கள்.